தவிட்டுத் தொட்டியும் சலக்கல்லும்: வலிகாமம் வடக்கில ஒரு வீட்டில இறைச்சிக்கு வளத்த ரெண்டு நாம்பன், 2021–2023

பின்னணி

இது யாழ்ப்பாணத்தில வலிகாமம் வடக்கில ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின்ர வளவில நடந்த விஷயம். 1990இல இடம்பெயர்ந்து, காணி கனகாலம் இராணுவத்தின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடந்து, விடுபட்டாப்பிறகு திரும்பி வந்து வீடு கட்டி இருக்கிற சனம். எட்டுப் பரப்புக் காணி, அதாவது அரை ஏக்கர், செம்மண், ஒரு கிணறு, வேலி முழுக்க சீமைக்கிளுவையும் பூவரசும். தகப்பன் மேசன் வேலைக்குப் போறவர், தாய் வெங்காயமும் மிளகாயும் வைக்கிறவா, மூண்டு பிள்ளையள், அதோட தாயின்ர தாய். மாட்டைப் பாக்கிறது உண்மையில அந்த அம்மம்மாதான், அவாவுக்கு எழுபது தாண்டிட்டுது ஆனா விடியக்காத்தால கொட்டில் கூட்டுறது அவாதான்.

நான் கால்நடைப் பக்கம் வேலை செய்யிறனான், அந்த வீட்டுக்கு முதல்ல இருந்தே போய் வாறனான், மாட்டுக் கண்டு வந்த நாள் தொட்டு நடந்ததுகளைக் குறிச்சும் வச்சிருந்தனான். பேரும் ஊரும் போடேல்லை, ஆனா இதை எழுதச் சொல்லி அவையளே சொன்னவை. ஏனெண்டா இதே மாதிரி வீட்டில ஒண்டு ரெண்டு நாம்பன், அதாவது ஆண் மாடு, வளக்கிற ஆக்கள் இப்ப கூடிக்கொண்டு வருகினம், எல்லாரும் கொழுக்க வைக்கிறதுக்கு எண்டு முதல்ல தேடுறது தவிட்டைத்தான், அந்தத் தவிட்டாலதான் இங்க ஒரு நாம்பனுக்குச் சலக்கல்லு, அதாவது சலம் (சிறுநீர்) போற வழியில கல்லு அடைக்கிற பிரச்சினை வந்தது.

2021இல ஏன் நாம்பன் வாங்கினவை எண்டா ரெண்டு காரணம். ஒண்டு, அந்த வருசம் மே மாதம் ரசாயன உரம் இறக்குமதி செய்யிறதை அரசாங்கம் தடை செய்தது, வெங்காயம் வைக்கிற ஆக்கள் எல்லாரும் மாட்டெருவுக்கு அலைஞ்சவை, எருக் கும்பிக்கு முற்பணம் குடுத்து வச்ச காலம் அது. வீட்டில மாடு நிண்டா எரு வாங்கத் தேவையில்லை. மற்றது, மூத்த மகளின்ர முதல் நன்மைச் சடங்கும் (முதல் நற்கருணை) வருது, பண்டிகையும் வருது, இறைச்சி விலை ஏறிக்கொண்டே போகுது, வீட்டில வளத்து எடுப்பம் எண்டு தகப்பன் நினைச்சவர்.

பால் மாடு வளக்கிற ஆக்களுக்கு ஆண் கண்டு பிறந்தா அது ஒரு செலவு. முந்தி வண்டிலுக்கும் உழவுக்கும் வேணும், இப்ப எல்லாம் டிராக்டர். பாலைக் குடிக்குமே ஒழிய ஒண்டும் திரும்பி வராது, அதால கொஞ்ச நாளிலயே தரகருக்குக் குடுத்திடுவினம், பால் குடி மறக்காத கண்டுகள் அப்பிடிப் போறது எனக்கு எப்பவும் மனவருத்தமான விஷயம். இந்தக் குடும்பம் அப்பிடிப் போக இருந்த ரெண்டு கண்டை ரெண்டு வேற வீட்டில இருந்து வாங்கினது. ஒண்டு ஜேர்சிக் கலப்பு, சிவலை. மற்றது நாட்டு மாட்டுக் கலப்பு, மயிலை. ரெண்டையும் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டவை, வேற பேர் வைக்க வேண்டாம் எண்டு தகப்பன் பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டார். கடைசியில இது இறைச்சிக்குப் போற மாடு எண்டு முதல்ல இருந்தே பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருக்க வேணும் எண்டதில அவர் உறுதியா இருந்தவர், அது சரியான விஷயம் எண்டுதான் நானும் நினைக்கிறன்.

முதல் வருசம்

கண்டுப் பருவத்தில பெரிசாச் சொல்ல ஒண்டும் இல்லை. ஒருக்கா கழிச்சல் வந்தது, பாலைக் குறைச்சு உப்பும் சீனியும் கரைச்ச தண்ணி குடுத்துச் சரியாச்சு. பூச்சி மருந்து குடுத்தது, கால்வாய் நோய்க்கு (கோமாரிக்கு) அரச கால்நடை அலுவலகத்தால வந்து ஊசி போட்டவை. மாரிக்கு அறுகும் காட்டுப் புல்லும் தாராளம், பின்னேரம் பின்னேரம் பிள்ளையள் வேலியில சீமைக்கிளுவைக் குழை வெட்டிப் போடுவினம்.

நலம் தட்டின, அதாவது விதையடிச்ச, விஷயத்தை மட்டும் விரிவாச் சொல்ல வேணும், பிறகு நடந்ததுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கு. சிவலையை விட்ட வீட்டுக்காரர் கண்டு ரெண்டு மாதமா இருக்கேக்கையே நலம் தட்டிவிச்சுத்தான் குடுத்தவர், சின்னனில செய்தா நோ குறைவு, மாடும் சாதுவா வளரும் எண்டது அவற்ற எண்ணம், அது பிழையான எண்ணமும் இல்லை. மயிலை நலம் தட்டாமல்தான் வந்தது. அது ஒன்பது மாதமா இருக்கேக்க, வேலிக்கு அங்கால நிண்ட பக்கத்து வீட்டுப் பசுவின்ர மணம் பிடிச்சுக் கயிறு அறுக்கத் தொடங்கினாப்பிறகுதான் பர்டிசோ எண்ட இடுக்கி கொண்டு வந்து ரத்தம் வராமல் நரம்பை நசுக்கி நலம் தட்டினது. ஆக ஒரே கொட்டில், ஒரே தொட்டி, ஒரே கிணத்துத் தண்ணி, ஆனா ஒண்டு ரெண்டு மாதத்தில, மற்றது ஒன்பது மாதத்தில.

2022: தீனி மாறினது

பொருளாதார நெருக்கடி வந்த 2022 எப்பிடி இருந்தது எண்டு இங்க இருந்த ஆருக்கும் சொல்லத் தேவையில்லை. டீசல் இல்லை, மண்ணெண்ணைக்கு வரிசை, கடையில மாட்டுத் தீவன மூட்டை விலை ரெண்டு மூண்டு மடங்கு ஏறிட்டுது, பிண்ணாக்கு வாங்கேலாது, உப்புக்கட்டி கடையளில இல்லை. மேசன் வேலையும் படுத்திட்டுது, சீமெந்து வாங்கி வீடு கட்ட ஆரிட்டக் காசு கிடந்தது.

அந்த நேரம் கிளிநொச்சிப் பக்கம் அரிசி ஆலை வச்சிருந்த சொந்தக்காரர் ஒராள் தவிடு குறைஞ்ச விலைக்குத் தந்தவர். உமி கலக்காத நல்ல தவிடு, கையில எடுத்தா எண்ணெய்ப் பசை தெரியும். பஸ்ஸில ரெண்டு ரெண்டு மூட்டையா வரும். அம்மம்மா அதைத் தண்ணியில குழைச்சு வைக்க மாடுகள் தொட்டியை நக்கித் துடைச்சிடுங்கள். கோடை தொடங்க புல்லும் காஞ்சு போச்சு, வேலிக் குழையை ஆட்டுக்காரருக்கு வித்தவை (அந்தக் காசு பிள்ளையளின்ர கொப்பிக்குத் தேவைப்பட்டது), ஆக மிச்சம் இருந்தது தவிடும் வைக்கலும்தான். ஆடி ஆவணியில ஒரு மாட்டுக்கு நாளுக்கு நாலு கிலோ தவிடு, ரெண்டு கிலோ வைக்கல் எண்டு ஆகிட்டுது. வெய்யில் உச்சத்தில நிண்ட நாளுகளில பனையோலை கிழிச்சுப் போட்டவை.

மாடுகள் கொழுத்ததுகள், அதை மறைக்கேலாது. எங்களிட்ட மாட்டுத் தராசு இல்லாதபடியா சுத்தளவு நாடாவாலதான் நிறை பாக்கிறது, நெஞ்சுச் சுத்தளவைச் சென்ரிமீற்றரில எடுத்து அதை அதாலயே பெருக்கி, தோள்மூட்டில இருந்து பின்னெலும்பு வரைக்கும் உள்ள நீளத்தாலயும் பெருக்கி, 10840ஆல பிரிச்சா கிட்டத்தட்ட கிலோ வரும். 2022 டிசம்பர்த் தொடக்கத்தில சிவலை சுத்தளவு 138, நீளம் 120, அப்ப 211 கிலோ. ஒண்டரை வயசு தாண்டின ஜேர்சிக் கலப்புக்கு அந்த நெருக்கடியில அது நல்ல நிறை, வாறவை போறவை எல்லாரும் மெச்சினவை.

மார்கழிக் குளிர்

2022 மார்கழி (டிசம்பர்) 8ஆம் 9ஆம் திகதி அளவில மண்டஸ் புயல் வடக்கால போகேக்க இங்க அடிச்ச குளிர் காத்தும் மழையும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல ஆடு மாடுகள் அந்தக் குளிரில செத்தது. வெளியில பட்டியில நிண்டதுகள்தான் கூடப் போனது. செத்த மாட்டின்ர இறைச்சி கடைக்கு வந்திடுமெண்ட பயத்தில இஞ்ச இருந்து இறைச்சி வெளியில கொண்டு போறதை அரசாங்கம் கொஞ்ச நாள் நிப்பாட்டியும் வச்சது.

இந்த வீட்டில ரெண்டும் தப்பினது. கொட்டிலுக்கு வாடைப் பக்கம் தகரம் அடிச்சிருந்தவர் தகப்பன், அண்டு ராத்திரி படங்கும் கட்டி, வைக்கல் பரவி விட்டவை. ஆனா மாடு தண்ணி குடிக்கிறது குறைஞ்சு போச்சு. சாதாரணமா சிவலை நாளுக்கு ரெண்டு மூண்டு வாளி குடிக்கும், அந்தக் கிழமையில ஒரு வாளி கூட முடிக்கேல்லை எண்டு அம்மம்மா சொன்னவா. தீனி மட்டும் குறையேல்லை, குளிருக்குத் தெம்பா இருக்கட்டும் எண்டு தவிட்டைக் கொஞ்சம் கூட்டியும் வச்சவா. பாசத்தில செய்தது, ஆரெண்டாலும் அப்பிடித்தான் செய்திருப்பினம்.

நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) கிட்ட அம்மம்மா ஒரு விஷயம் கண்டவா. சிவலை சலம் போற இடத்தில, தொங்குற தோலின்ர நுனி மயிரில, வெள்ளையாப் பொடி மணி மணியா ஒட்டிக் கிடந்தது. மண் எண்டு நினைச்சுத் துடைச்சு விட்டவா, அடுத்த நாளும் கிடந்தது. கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பு எண்டு வீட்டில கதைச்சுப்போட்டு விட்டவை. ஊரில கேத்திலுக்குள்ள வெள்ளை படியிறதைப் பாத்துப் பழகின எல்லாருக்கும் அப்பிடித்தான் தோணும்.

2023 ஜனவரி 5, வியாழன்

விடிய கொட்டில் கூட்டப் போகேக்க சிவலை நிண்ட இடம் காஞ்சு கிடந்தது. மயிலை நிண்ட பக்கம் வழமை மாதிரி ஈரம். அம்மம்மா அதைக் கவனிச்சது பெரிய விஷயம், கனபேர் சாணியைப் பாப்பினம், சலத்தைப் பாக்கிறேல்லை.

பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. "தம்பி, உவன் நேற்றுப் பின்னேரம் தொட்டு சலம் போனதை நான் காணேல்லை, வாலைத் தூக்கித் தூக்கி முக்கிறான், வயித்துக்கு உதைக்கிறான், ஒருக்கா வந்து பாருங்கோ" எண்டவா. அதுக்குள்ள பக்கத்தில ஆரோ மலச்சிக்கல் எண்டு சொல்லி நல்லெண்ணெய் பருக்கச் சொல்லியிருக்கினம், இன்னொராள் சூடு எண்டு வெந்தயமும் இளநியும் குடுக்கச் சொல்லியிருக்கினம். இளநி மட்டும் குடுத்திருந்தவை.

நான் போய்ப் பாக்கேக்க கண்டது இது: முன்காலை முன்னுக்கும் பின்காலைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு முதுகு வளைஞ்சு நிண்டது. வால் அடியில, மலவாசலுக்குக் கீழ தோல் துடிச்சுத் துடிச்சு எழும்பிச்சு. பல்லு நெருமினது. கொஞ்சம் சாணி போட்டிருந்தது, அதால மலச்சிக்கல் இல்லை எண்டது தெளிவு. நான் நிண்ட அரை மணித்தியாலத்தில சலம் ரெண்டு துளி வந்தது, அதிலயும் கொஞ்சம் ரத்தம். நுனி மயிரில அந்த வெள்ளை மணி, விரலால நசுக்கினா நறநறக்குது. தொட்டியில தவிடு அப்பிடியே கிடந்தது.

உடன அரச கால்நடை வைத்தியருக்கு எடுத்தம். அவர் வேற ஊரில வேலையில நிண்டு பின்னேரம் நாலு மணிக்குத்தான் வரக்கூடியதா இருந்தது. அதுவரைக்கும் ஒண்டும் பருக்க வேண்டாம், ஓட வைக்க வேண்டாம், தண்ணியை வற்புறுத்த வேண்டாம் எண்டவர், போற வழி அடைச்சிருக்கேக்க உள்ள போறது சலப்பையைத்தான் இறுக்கும்.

டொக்டர் வந்து மலவாசலுக்குள்ள கை விட்டுப் பாத்தவர். சலப்பை ரப்பர் பந்து மாதிரி நிறைஞ்சு இறுகிக் கிடக்கு, இன்னும் வெடிக்கேல்லை எண்டவர். சலக்குழாயில கல்லடைப்பு. நாம்பனில சலக்குழாய் நேரா வராது, நடுவில 'எஸ்' எழுத்துப் போல வளைஞ்சு வரும், கல்லு பெரும்பாலும் அந்த வளைவிலதான் சிக்கும், அதாலதான் முன்னால இருந்து குழாய் விட்டு எடுக்கேலாது.

முடிவு எடுத்த விதம்

இந்த இடத்தில வீட்டுக்காரருக்கு முன்னால மூண்டு வழி இருந்தது. நான் இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன், ஏனெண்டா இப்பிடி ஒரு நேரம் வரேக்க ஆக்கள் யோசிக்கக் கிடைக்கிறது ஒரு மணித்தியாலம் கூட இல்லை.

முதலாவது, உடனயே இறைச்சிக்குக் குடுக்கிறது. சலப்பை வெடிக்க முந்தி, மருந்து ஒண்டும் ஏத்த முந்தி வெட்டினா இறைச்சி பெரும்பாலும் பாவிக்கலாம். வெடிச்சிட்டா சலம் வயித்துக்குள்ள நிறைஞ்சு, அந்த நஞ்சு ரத்தத்தில ஏறி, இறைச்சியில சலமணம் பிடிச்சிடும், பரிசோதனையில கழிச்சிடுவினம். ஆனா அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, ஜனவரி 6, துருத்துப் பூரணை, பௌத்தருக்குப் புனிதமான போயா நாள். போயாவில வெட்டவும் ஏலாது, இறைச்சிக்கடை திறக்கவும் ஏலாது. வியாழன் பின்னேரம் நாலரைக்குப் பிறகு பிரதேச சபையின்ர கொல்களத்தில ஆரும் இல்லை. சனி விடியும் வரைக்கும் சலப்பை தாங்குமோ எண்டதுக்கு டொக்டர் உறுதி சொல்லேல்லை, முழுசா அடைச்சா ரெண்டு நாளுக்குள்ள வெடிக்கிறதுதான் வழமை எண்டவர்.

ரெண்டாவது, வளவிலயே ராவோட ராவா வெட்டிப் பங்கு போடுறது. இதைச் சொல்ல ஆக்கள் இருந்தவை, ஆடு பங்கு போடுற மாதிரி நினைச்சுக்கொண்டு. தகப்பன் ஓரேயடியா மறுத்தவர். அனுமதி இல்லாத இடத்தில மாடு வெட்டுறது சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். சுத்திவர இருக்கிற சைவச் சனம், நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்து ஒரே கிணத்தில தண்ணி அள்ளி வாழுறம், அதுகளின்ர வாசலுக்கு முன்னால நான் இதைச் செய்யமாட்டன் எண்டவர். அதோட மார்கழிக் குளிரில மாடு செத்த கதைக்குப் பிறகு பரிசோதனை இல்லாத இறைச்சியை ஆரும் நம்பி வாங்கப் போறதும் இல்லை, வருத்தமான மாட்டை மற்ற ஆக்களுக்குக் குடுக்கவும் கூடாது.

மூண்டாவது, சத்திரசிகிச்சை. மலவாசலுக்குக் கீழ வெட்டி, அடைப்புக்கு மேலால சலக்குழாயை வெளியில எடுத்துத் தைச்சு, சலம் அதால போற மாதிரி விடுறது. செய்தாப்பிறகு மாடு பின்னால சலம் விடும், பிழைச்சா சில மாதம் வச்சிருந்து இறைச்சிக்கு எடுக்கலாம், நெடுங்காலம் வச்சிருக்கிறதுக்கு உரிய வழி இல்லை. ஆனா ஊசி மருந்து போட்டா ஒரு மாதத்துக்கு இறைச்சிக்குக் குடுக்கேலாது, அப்ப முதலாவது வழி பூட்டுப்படும். இடையில செத்தா முழுக்க நட்டம்.

தகப்பன் கணக்குப் பாத்துக்கொண்டு நிக்க அம்மம்மாதான் பேசினவா: "வெட்டுறது வேற, உப்பிடி ரெண்டு நாள் துடிக்க விடுறது வேற. டொக்டர், நீங்கள் செய்யுங்கோ." அதோட முடிவு வந்திட்டுது. என்ர பார்வையிலயும் அண்டைக்கு இருந்த நிலமையில அதுதான் சரியான முடிவு. போயா இல்லாமல் விடியக்காத்தால பிடிபட்டிருந்தா நான் முதலாவது வழியைத்தான் சொல்லியிருப்பன்.

சத்திரசிகிச்சையும் பிறகும்

வேலை தொடங்கேக்க ஆறு மணி. அந்த நாளில தினமும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல கரண்ட் கட், சரியா அந்த நேரம் லைட் நிண்டு போச்சு, மூத்த மகளும் தகப்பனும் போன் டோர்ச் பிடிச்சவை. மாட்டை ரெண்டு தறிக்கு நடுவில நிண்டபடியே கட்டி, வால் அடியில முதுகெலும்புக்குள்ள விறைப்பு ஊசி போட்டு, பின்பக்கம் மரத்தாப்பிறகு டொக்டர் வெட்டினவர். சலக்குழாயைத் திறந்த உடன சலம் பாய்ஞ்சு வந்தது, கலங்கின சிவப்பு நிறம், அடியில மணல். கனநேரம் நிக்காமல் ஓடினது. சிவலை நீட்டி வச்ச காலை ஒடுக்கி, கழுத்தைத் தொங்கப் போட்டு மூச்சு விட்டது, கொஞ்ச நேரத்தில அசை போடத் தொடங்கினதை எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம்.

பிறகு வந்த கிழமையள் லேசானதில்லை. அஞ்சு நாள் ஊசி. சலம் பின்னங்காலில வழிஞ்சு மயிர் கொட்டுண்டு தோல் புண்ணாகினது. மழை விட்டு வெய்யில் வர இலையான் மொய்ச்சது, புழு வைக்காமல் இருக்கத் தினமும் ரெண்டு தரம் உப்புத் தண்ணியால கழுவி, வேப்பெண்ணெய் பூசினவை. ஜனவரிக் கடைசியில நாடா பிடிக்கேக்க சுத்தளவு 134, நிறை 199 கிலோ, பன்னிரண்டு கிலோ இறங்கிட்டுது.

தீனியை மாத்தினது சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே. தவிடு ஒண்டரைக் கிலோவுக்குக் கீழ. வேலிக் குழை விக்கிறதை நிப்பாட்டி சீமைக்கிளுவையும் இப்பில்-இப்பில் எண்ட மரத்தின்ர குழையும் மாட்டுக்கு. நாளுக்கு அறுபது கிராம் தீவனச் சுண்ணாம்புக்கல் தூள், அதாவது கோழித் தீவனத்துக்குப் போடுற கல்சியம் காபனேற்றுத் தூள், வெத்திலைச் சுண்ணாம்பு இல்லை. கறியுப்பு ஐம்பது கிராமில தொடங்கி எண்பது கிராம் வரைக்கும் தவிட்டோட கலந்தது. தண்ணி எந்த நேரமும் வாளியில, குளிரா இருந்தா விடியக்காத்தால கிணத்தில அப்ப அள்ளின தண்ணி, அது ராத்திரி வாளியில கிடந்த தண்ணியை விட இளஞ்சூடா இருக்கும். மயிலைக்கும் அதே மாற்றம்.

கொல்களத்தில கண்டது

சிவலையை எடுத்தது 2023 உயிர்த்த ஞாயிறுக்கு, அது ஏப்ரல் 9. தவக்காலத்தில இறைச்சிக்கு ஆள் இல்லை, அந்த வார முடிவுக்குத்தான் ஊரே வாங்கும், கடைசி ஊசி போட்டு மூண்டு மாதமும் ஆகிட்டுது. வைத்தியரின்ர சுகாதார அத்தாட்சி, மாடு கொண்டு போற அனுமதி எல்லாம் எடுத்து, லைசென்ஸ் உள்ள இறைச்சிக்கடைக்காரரோட கதைச்சு, பெரிய சனி விடிய கொல்களத்துக்குக் கொண்டு போனது. நாடாவில 217 கிலோ, தோல், தலை, குடல் கழிச்சு 104 கிலோ.

நான் பரிசோதகரிட்டக் கேட்டு உள்ளுறுப்புகளைப் பாத்தனான். சலப்பையின்ர சுவர் தடிச்சுப் போயிருந்தது, அடியில ஒரு தேக்கரண்டி அளவு வெள்ளை மணல் இன்னும் கிடந்தது. இடப் பக்கச் சிறுநீரகம் வீங்கி, வெட்டிப் பாக்க நடுவில குழி விழுந்து இருந்தது, ரெண்டு சிறுநீரகத்தையும் கழிச்சுப் போட்டினம். இறைச்சி நல்லது எண்டு முத்திரை குத்தினவை. அந்த 'எஸ்' வளைவை வெட்டிப் பாத்தா உள்ளுக்க ஒரு கல்லு, பச்சை அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்லுறதெண்டா, மருந்துச் செலவும் நிறை இறக்கமும் போக சிவலையில கையில நிண்டது சொற்பம். ஆனா வீட்டுப் பங்கு இறைச்சி வந்தது, ரெண்டு வருச எரு தோட்டத்துக்குப் போனது. மயிலை 2023 நத்தாருக்கு முன்னம் 270 கிலோவில நல்ல விலைக்குப் போனது, அதுக்கு ஒரு துளிப் பிரச்சினையும் வரேல்லை.

ஏன் சிவலைக்கு மட்டும்

ஊரில இப்பவும் சொல்லுறது கிணத்துத் தண்ணி எண்டுதான். யாழ்ப்பாணத்துக்கு அடியில சுண்ணக்கல், தண்ணி கடினமானது, அது உண்மை. ஆனா அதே கிணத்துத் தண்ணியை மயிலையும் குடிச்சது, அக்கம்பக்கத்தில புல்லு மேயிற மாடு எல்லாம் அந்த மாதிரித் தண்ணிதான் குடிக்குது, ஒண்டுக்கும் வரேல்லை. தவிடு கூடத் திண்ட மாட்டில வாற மணல்கல்லு பொதுவா பொஸ்பேற்றுக் கல்லு, அதுக்குக் காரணம் தண்ணியில இருக்கிற கல்சியம் எண்டதை விட, தீனியில கல்சியம் போதாமல் பொஸ்பரஸ் மிஞ்சிப் போறதுதான்.

அரிசித் தவிட்டில நூறு கிராமுக்கு ஒண்டரைக் கிராம் அளவில பொஸ்பரஸ் இருக்கு, கல்சியம் பத்தில ஒரு கிராம் கூட இருக்காது. மாட்டுக்கு வேண்டியது கல்சியம் ரெண்டு பங்கு, பொஸ்பரஸ் ஒரு பங்கு. நாலு கிலோ தவிட்டோட அது தலைகீழாப் போய், நாளுக்கு அறுபது கிராம் பொஸ்பரஸ் உள்ள போகுது, கல்சியம் நாலு கிராமும் வராது, வைக்கலிலயும் பெரிசா இல்லை. மிஞ்சின பொஸ்பரஸ் சலத்தால வெளியேறுது. உமி கலந்த மட்டமான தவிடா இருந்திருந்தா இந்தளவு ஏறியிருக்காது, இது நல்ல தவிடு எண்டபடியாத்தான் கூடப் பாதிச்சது. உப்பு இல்லாததால மாட்டுக்குத் தாகம் குறைவு. கடைசியா மார்கழிக் குளிர் வந்து தண்ணி குடிக்கிறதையும் குறைச்சிட்டுது, சலம் தடிச்சு மணல் படிஞ்சிட்டுது.

மயிலை தப்பினதுக்கு நான் காணுற காரணம் நலம் தட்டின வயசு. ஆண் ஹோர்மோன் இருக்கிற காலத்தில சலக்குழாயும் விரிஞ்சு வளரும், ரெண்டு மாதத்தில நலம் தட்டினா அது ஒடுங்கின குழாயாவே நிண்டிடும், அதே மணல் ஒண்டில வழுக்கிப் போகும் மற்றதில சிக்கும். மயிலையைக் கட்டினது வேலியோரம், அது எட்டி எட்டி குழையும் கடிச்சது எண்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும். ரெண்டு மாட்டை வச்சு எது எவ்வளவு எண்டு பிரிச்சுச் சொல்லேலாது.

இப்ப என்ன மாத்தியிருக்கு

வீட்டில இப்ப புதுசா ஒரு சிவலைக் கண்டு நிக்குது. அதை நலம் தட்டாத கண்டாப் பாத்துக் கேட்டு வாங்கினவை, எட்டு ஒன்பது மாதம் போகட்டும் எண்டு விட்டிருக்கினம், அதுக்காக வேலியையும் இறுக்கிக் கட்டியாச்சு. தவிடு மொத்தத் தீனியில நாலில ஒரு பங்குக்கு மேல போறேல்லை. ரெண்டு பரப்பில சீஓ-3 எண்ட தீவனப் புல்லு நட்டிருக்கு, கழுவுற தண்ணி எல்லாம் அதுக்குத்தான். குழை விக்கிறேல்லை. உப்பும் சுண்ணாம்புக்கல் தூளும் ரெண்டு டின்னில கொட்டில் சுவரில தொங்குது, ஒவ்வொண்டுக்குள்ளயும் அளவுக்கு வெட்டின சிரட்டை.

மழைக்காலத்தில தண்ணி குறைஞ்சா தவிட்டையும் குறைக்கிறது எண்டது இப்ப வீட்டுச் சட்டம். அதோட அம்மம்மா கிழமைக்கு ரெண்டு தரம் அந்த நுனி மயிரைத் தடவிப் பாக்கிறா, நறநறப்புத் தெரிஞ்சா அண்டைக்கே போன் எடுக்கச் சொல்லி இருக்கிறன். மணல் ஒட்டத் தொடங்கின நாளுக்கும் முழுசா அடைச்ச நாளுக்கும் இடையில இந்த மாட்டில ரெண்டு கிழமை அளவு இருந்தது, அதுக்குள்ள தெரிய வந்தா உப்பும் தண்ணியும் தீனி மாற்றமும், டொக்டர் எழுதித் தாற அமோனியம் குளோரைட்டும் வச்சு அடைக்காமலே கொண்டுபோகச் சந்தர்ப்பம் இருக்கு. முழுசா அடைச்சிட்டா முதல்ல கலண்டரில அடுத்த நாள் போயாவோ எண்டு பாருங்கோ, பிறகு ஊசி போட முந்தி டொக்டரிட்ட இறைச்சிக்குக் குடுக்கிறதோ வைத்தியம் பாக்கிறதோ எண்டு கேட்டு முடிவெடுங்கோ.